தண்ணீர் எந்த மாதம் வரும்? ஆற்றங்கரை நாகரிகங்களின் வரவு செலவுக் கணக்கு

பள்ளிப் பாடநூல்கள் இந்தக் கதையை மூன்று வரியில் முடித்துவிடும். ஆறு ஓடியது, வண்டல் வளமாக இருந்தது, மக்கள் குடியேறினார்கள், நாகரிகம் பிறந்தது. இதில் பொய் எதுவும் இல்லை; விளக்கமும் எதுவும் இல்லை. ஆறும் வண்டலும் எல்லாக் கண்டங்களிலும் உண்டு. நகரமும் எழுத்தும் கணக்குப்பிள்ளையும் கி.மு. 3000-ஐ ஒட்டி ஒருசில சமவெளிகளில்தான் தலைகாட்டினார்கள். ஏன் என்று தெரிய வேண்டுமானால், நிலம் வாங்கப் போகும் உழவர் கேட்கும் மூன்று கேள்விகளை அந்த ஆறுகளிடம் கேட்க வேண்டும். தண்ணீர் எந்த மாதம் வரும்? வயல் ஆற்றுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? பாய்ந்த நீர் எங்கே வடியும்?

மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. ஆனால் கடைசியில் கணக்கைத் தீர்த்தது அதுதான்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் இன்றைய தெற்கு ஈராக்கைப் பற்றியது. நைலும் சிந்துவும் ஒப்பிட்டுப் பார்க்க வரும். அங்கே வாழ்ந்த சுமேரியர்கள் களிமண் பலகைகளில் வரவு செலவு எழுதி வைத்துப் போனதால், அங்கே மட்டும்தான் ஊகம் குறைத்துப் பேச முடிகிறது.

வயலுக்கு மேலே ஓடும் ஆறு

தெற்கு ஈராக்கில் ஆண்டுக்குச் சுமார் 150 மி.மீ. மழை பெய்கிறது. மழையை மட்டும் நம்பி பார்லி விளைய 200 மி.மீ.க்கு மேல் வேண்டும். வாய்க்கால் இல்லாமல் அங்கே ஒரு கதிர்கூட நிச்சயமில்லை. கல் கிடையாது, உலோகம் கிடையாது, நல்ல மரமும் கிடையாது. இப்படிப்பட்ட இடத்துக்கு முதலில் ஆட்களை இழுத்தது பயிர்நிலமா என்பதே சந்தேகம். சதுப்பில் மீன், நீர்ப்பறவை, நாணல், கரையில் பேரீச்சை. எரிது என்ற ஊரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்ட கோயில்களைத் தோண்டியபோது, பழைய அடுக்குகளில் படையலாக வைத்த மீன்களின் எலும்பு ஏராளமாகக் கிடைத்தது. அந்த வரிசையின் அடியில் இருந்தது சில மீட்டர் அகலமுள்ள ஒரே ஓர் அறை.

இனி நில அமைப்பு. பாக்தாத் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 34 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பாரசீக வளைகுடா 500 கி.மீ.க்கும் அப்பால். கிலோமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர்கூடச் சரிவில்லாத தரை. இப்படி ஊர்ந்து போகிற ஆறு தான் சுமந்து வந்த வண்டலைப் படுகையிலேயே போட்டுவிடும். வெள்ளம் கரை வழிந்தால் கனமான பருவண்டல் கரையோரத்திலும், நுண்ணிய களி தூரத்திலும் படியும். ஆண்டுக்காண்டு படுகையும் உயரும், கரையும் உயரும். சில நூற்றாண்டுகளில், சுற்றியுள்ள சமவெளியைவிட உயரமான மேட்டின்மேல் ஆறு ஓடிக்கொண்டிருக்கும்.

உழவருக்கு இது பெரிய வசதி. கரையின் உச்சியில் நீர் தேங்காத மண், அங்கே பேரீச்சைத் தோப்பு. கரையின் பின்சரிவில் பார்லி வயல். அதற்கும் கீழே களிமண் பள்ளம், மேய்ச்சல், சதுப்பு. கரையில் ஒரு மடை வெட்டினால் போதும், நீர் தானாகவே வயலுக்கு இறங்கும். அணை வேண்டாம், ஏற்றம் வேண்டாம், அரசனும் வேண்டாம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வாய்க்காலை வெட்டிவிடலாம்.

“பெரிய பாசனத்தை நிர்வகிக்கவே அரசு பிறந்தது” என்று வரலாற்றறிஞர் கார்ல் விட்ஃபோகல் 1957-இல் சொன்ன கோட்பாடு இங்கேதான் இடறுகிறது. தொல்லியலாளர் ராபர்ட் ஆடம்ஸ் தெற்கு ஈராக் முழுவதும் பழைய மேடுகளையும் வாய்க்கால் தடங்களையும் கணக்கெடுத்தார். கி.மு. நான்காம் ஆயிரமாண்டில் ஊர்கள் இயற்கையான ஆற்றுக் கிளைகளை ஒட்டி வரிசையாக இருந்தன; வாய்க்கால்கள் சின்னவை. ராஜாங்கம் வெட்டிய நெடுங்கால்வாய்கள் நகரங்கள் வளர்ந்த பிறகே வந்தன. விட்ஃபோகல் வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டிவிட்டார்.

மேட்டில் ஓடும் ஆற்றுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கரை ஓரிடத்தில் உடைந்தால் வெள்ளம் மட்டும் வராது, ஆறே தன் மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தில் புதுத்தடம் பிடித்துப் போய்விடும். பழைய தடத்தில் இருந்த ஊர்களுக்குக் குடிநீர்கூட மிஞ்சாது. உர், உருக், எரிது ஆகியவற்றின் இடிபாடுகள் இன்று ஆற்றை விட்டு விலகி வறண்ட வெளியில் கிடப்பதற்கு இதுவே முதல் காரணம்.

தப்பான மாதத்தில் வரும் வெள்ளம்

பார்லியும் கோதுமையும் குளிர்காலப் பயிர்கள். அக்டோபர், நவம்பரில் விதைத்து, ஏப்ரல், மே மாதங்களில் அறுக்க வேண்டும். டைகிரிஸ், யூப்ரடீஸ் இரண்டும் துருக்கி, ஈரான் மலைகளின் பனி உருகிப் பெருகும் ஆறுகள். அவற்றின் வெள்ளம் உச்சத்தைத் தொடுவது ஏப்ரல், மே மாதங்களில். மிகவும் வற்றிக் கிடப்பது செப்டம்பர், அக்டோபரில். அதாவது விதைக்கும்போது தண்ணீர் இல்லை. கதிர் முற்றி நிற்கும்போது வெள்ளம் வாசலில் நிற்கிறது.

ஆகவே சுமேரிய உழவருக்கு ஒரே ஆண்டில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு வேலைகள். இலையுதிர் காலத்தில், தாழ்ந்துபோன ஆற்றிலிருந்து நீரை வாய்க்காலில் ஏற்ற வேண்டும். அதற்குத் தலைமடையை ஆழப்படுத்தி, தேவையானால் ஆற்றுக்குள் நாணலும் மண்ணும் கொண்டு குறுக்குக் கரை போட வேண்டும். வசந்தத்தில் அதே மடையை இறுக்கி அடைத்து, கரையை உயர்த்தி, இரவும் பகலும் காவல் இருக்க வேண்டும்.

நைலின் நாள்காட்டி இதற்கு நேர்மாறு. எத்தியோப்பிய மேட்டுநிலத்தின் கோடைமழை அதன் வெள்ளம். ஜூன் கடைசியில் அஸ்வானில் ஏறத் தொடங்கி, ஆகஸ்ட், செப்டம்பரில் உச்சம் தொட்டு, அக்டோபரில் இறங்கிவிடும். வயல் காலியாக இருக்கும்போது வந்து, விதைக்கும் நேரத்தில் ஈரமண்ணை விட்டுவிட்டுப் போகிற ஆறு. எகிப்தியர்கள் செய்ய வேண்டியிருந்தது பள்ளத்தாக்கைக் குறுக்குக் கரைகளால் பெரிய பாத்திகளாகப் பிரித்து, ஒன்று இரண்டு மீட்டர் ஆழத்துக்கு நீரை 40 முதல் 60 நாள் நிறுத்தி, பிறகு அடுத்த பாத்திக்கோ ஆற்றுக்கோ திறந்துவிடுவதுதான். விதைத்த பின் அறுவடை வரை பெரும்பாலும் மறுபாசனம் தேவைப்படாது. அவர்கள் ஆண்டை நான்கு நான்கு மாதமாக மூன்றாகப் பிரித்ததும் இந்த வரிசையில்தான்: வெள்ளம், முளைப்பு, அறுவடை.

எகிப்தியரின் கவலை வேறு. வெள்ளம் எவ்வளவு உயரம் வரும்? ரோமானியரான பிளினி தரும் கணக்கில் 12 முழம் என்றால் பஞ்சம், 13 என்றாலும் பசி, 14 மகிழ்ச்சி, 15 கவலையின்மை, 16 கொண்டாட்டம். எகிப்திய அரசமுழம் சுமார் 52 செ.மீ. பஞ்சத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் நடுவே இருந்தது இரண்டு மீட்டர் நீர். அதனால்தான் பலெர்மோ கல் என்ற பழைய அரசப் பதிவேட்டில், அந்தந்த ஆண்டு நடந்தவற்றின் கீழே வெள்ளத்தின் உயரம் முழம், சாண், விரல் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. விளைச்சலுக்கு முன்பே வரி எவ்வளவு தேறும் என்று அரசு தெரிந்துகொள்ள அந்த ஒரு எண் போதும்.

கட்டுமானத் திறமையையும் பாசனத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரமிடுகள் எழத் தொடங்கிய காலத்தில், கி.மு. 2650-ஐ ஒட்டி, ஹெல்வான் அருகே ஒரு காட்டாற்றின் குறுக்கே சுமார் 14 மீட்டர் உயரத்தில் ஓர் அணை எழுப்பினார்கள். உபரிநீர் போக வழி வைக்கவில்லை. கட்டி முடிக்கும் முன்பே வெள்ளம் நடுப்பகுதியைப் பிய்த்துக்கொண்டு போனது. எகிப்தின் சோறு அணையை நம்பி இருக்கவில்லை; இருந்திருந்தால் அந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஒரு வாய்க்காலுக்கு எத்தனை படி பார்லி?

ஈராக்குக்குத் திரும்புவோம். வாய்க்கால் வெட்டுவது ஒருமுறை, தூர்வாருவது ஆண்டுதோறும். வண்டல் மிகுந்த ஆற்றுநீர் வாய்க்காலுக்குள் நுழைந்து வேகம் குறைந்ததும் முதலில் தலைமடையில்தான் மண் போடும். வாரிய மண்ணை இரு கரையிலும் கொட்டக் கொட்டக் கரை மலைபோல் உயரும். ஒரு கட்டத்தில் அந்த உயரத்துக்கு மண்ணைச் சுமப்பதைவிடப் பக்கத்தில் புதிதாக வெட்டுவது மலிவாகிவிடும். இன்றும் அந்தச் சமவெளியில் இணையிணையாக ஓடும் பழைய மண்மேடுகள் அப்படி உண்டானவை.

இந்த உழைப்பின் அளவை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய பாபிலோனியக் கணக்குப் பாடப் பலகைகளில், ஓர் ஆள் ஒரு நாளில் தோண்ட வேண்டிய மண்ணின் அளவு இன்றைய அளவில் 3 கனமீட்டர். அதற்குச் சில நூற்றாண்டு முந்தைய உர் நகரின் மூன்றாம் அரசமரபுக் காலத்தில், ஓர் ஆண் தொழிலாளிக்கு மாதம் 60 சிலா பார்லி, பெண்ணுக்கு 30. ஒரு சிலா ஏறக்குறைய ஒரு லிட்டர். இந்த எண்களை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். 5 கி.மீ. நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் உள்ள வாய்க்கால் என்றால் 10,000 கனமீட்டர் மண். 3,333 ஆள்நாள். நாளுக்கு இரண்டு லிட்டர் வீதம் சுமார் 6,700 லிட்டர் பார்லி. 111 பேர் ஒரு மாதம் வேலை செய்தால் முடிந்தது. அந்தப் பார்லியை விளைவிக்க அந்தக் காலத்து விளைச்சலில் நான்கைந்து ஹெக்டேர் போதும்.

ஆக, பாரம் மண்ணில் இல்லை. 111 பேரை அறுவடை இல்லாத மாதத்தில் ஓரிடத்தில் கூட்டி, போன அறுவடையின் தானியத்தை எலிக்கும் ஈரத்துக்கும் தப்பவைத்து, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை மறக்காமல் வைத்திருப்பதில்தான் இருக்கிறது. களஞ்சியமும் கணக்கும் இல்லாமல் இது நடக்காது. ஆறு அரசனை நேரடியாகப் பெற்றெடுக்கவில்லை. உபரி தானியத்தைக் காத்துப் பங்கிடும் இடமாகக் கோயில் வளர்ந்தது. கோயில் கணக்கரை வளர்த்தது.

அதற்குச் சான்று உருக். கி.மு. 3100 அளவில் அது சுமார் 250 ஹெக்டேர் பரப்புள்ள நகரம். அங்கே கிடைத்த ஆரம்ப எழுத்துப் பலகைகள் ஆயிரக்கணக்கானவை; அவற்றில் பத்துக்கு எட்டுக்கும் மேல் வெறும் வரவு செலவு. மிச்சம், எழுத்துப் பழகுவதற்கான சொற்பட்டியல்கள். பாட்டு இல்லை, புராணம் இல்லை. ஆடுகளை எண்ண ஒரு முறை, தானியத்தை அளக்க வேறொரு முறை: ஒரே வட்டக்குறி ஆட்டுக் கணக்கில் பத்துச் சிறுகுறிகளுக்குச் சமம், தானியக் கணக்கில் ஆறுக்குத்தான் சமம். அதே அடுக்குகளில் சாய்ந்த விளிம்புள்ள, அவசரமாகச் செய்த முரட்டு மண்கிண்ணங்கள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. கூலித் தானியம் அளந்தது என்று ஒரு சாரார். ரொட்டி சுடும் அச்சு என்று இன்னொரு சாரார். எழுத்தில் “உண்” என்பதற்கான குறி, ஒரு மனிதத் தலையும் அதன் வாயருகே அதே வடிவக் கிண்ணமும்.

வயலில் என்ன செய்தார்கள் என்பதும் பலகையில் இருக்கிறது. ஒரு தந்தை மகனுக்குச் சொல்வதாக அமைந்த சுமேரிய உழவு அறிவுரை ஒன்று, விதை எல்லா இடத்திலும் சீராக இரண்டு விரல் ஆழத்தில் விழ வேண்டும் என்கிறது. விதைக்குழாய் பொருத்திய கலப்பையால் அது முடிந்தது. பாசனத்துக்கு நாள் சொல்லாமல் பயிரின் நிலையைச் சொல்கிறது. உழுசாலின் அடி மறையும்போது ஒரு நீர். பயிர் பாய்விரித்தாற்போல் ஆனதும் ஒரு நீர். கதிர் வரும்போது ஒரு நீர். இலை முழுக்க விரிந்த நிலையில் விடாதே, துருநோய் பிடிக்கும். மணி முற்றும்போது கடைசியாக ஒன்று விட்டால் பத்துப்படிக்கு ஒரு படி கூடும். வயலில் இறங்கிப் பார்த்த ஆள் சொன்னது என்பதில் ஐயமில்லை.

ஒருவர் கரையைக் கவனிக்காவிட்டால் அடுத்தவர் வயல் போகும். பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டங்களில் 53 முதல் 56 வரை இதற்காகவே. தன் பங்குக் கரையைப் பலப்படுத்தச் சோம்பி, அது உடைந்து ஊர் வயல் மூழ்கினால், போன தானியத்தை அவரே ஈடுகட்ட வேண்டும். முடியாவிட்டால் அவரையும் அவர் உடைமையையும் விற்று, வந்த வெள்ளியைப் பாதிக்கப்பட்டவர்கள் பிரித்துக்கொள்ளலாம். குடிமராமத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடுமையின் நியாயம் விளங்கும்.

வடியாத நீர், மேலேறும் உப்பு

ஆற்றுநீர் எல்லாவற்றிலும் கொஞ்சம் உப்பு கரைந்திருக்கும். வயலில் பாயும் நீரைப் பயிரும் வெயிலும் குடித்துவிடும். உப்பு மண்ணிலேயே தங்கும். மிகுதியான நீர் கீழே இறங்கி அதை அடித்துக்கொண்டு போனால் தப்பித்தோம். சரிவில்லாத களிமண் சமவெளியில் அது போக இடமில்லை. நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுக்காண்டு உயரும். தரைக்கு ஒன்று, ஒன்றரை மீட்டர் அருகில் வந்துவிட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் நுண்துளைகள் வழியே உப்புநீர் தானாக மேலேறும். நீர் ஆவியாகும், வெள்ளைப் பொருக்கு மிஞ்சும். மேலும் நீர் பாய்ச்சினால் சரியாகும் என்று தோன்றும். வடிகால் இல்லாவிட்டால் அது நோயை ஊட்டி வளர்ப்பதாகும்.

இதற்கு அவர்கள் கையாண்ட மருந்து ஓராண்டு விட்டு ஓராண்டு தரிசு. சும்மா போட்ட நிலத்தில் ஷோக், அகூல் என்று ஈராக்கியர் சொல்லும் இரண்டு முட்செடிகள் முளைக்கும். அவற்றின் வேர் மிக ஆழமாகப் போய் அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சி உலர்த்திவிடும். அடிமண் உலர்ந்தால் உப்பு மேலேறும் பாதை அறுந்துவிடும். அடுத்த ஆண்டு பாய்ச்சும் நீர் மேல்மண் உப்பைக் கீழே இறக்கும். களை என்று நாம் பிடுங்கி எறிவதுதான் அங்கே வடிகால். தரிசு தவறினால் எல்லாம் தவறும். தரிசு தவறுவதோ, வரி கூடும்போதும் புதிதாக நீர் தாராளமாகக் கிடைக்கும்போதும்தான்.

லகாஷ், உம்மா என்ற இரு சுமேரிய நகரங்களின் சண்டையை இந்தக் கண்ணோடு படிக்கலாம். உம்மா மேல்பக்கம், லகாஷ் கடைமடை. எல்லை வயலுக்காகவும் எல்லைக் கால்வாய் நீருக்காகவும் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டார்கள். இன்று பாரிஸ் லூவரில் இருக்கும் கழுகுக் கல்வெட்டு, இயன்னாட்டும் என்ற லகாஷ் அரசன் ஒரு வெற்றிக்காக நட்டது. அவனுக்குப் பின் வந்த என்மெத்தெனா, யூப்ரடீஸ் பக்கத்து நீரை நம்பியது போதும் என்று டைகிரிஸிலிருந்தே கால்வாய் கொண்டுவந்தான். கடைமடைக்காரரின் கனவு அது. ஆனால் தாராளமாகப் பாய்ந்த அந்த நீர்தான் அப்பகுதியின் நிலத்தடி நீரை உயர்த்தி உப்பைக் கிளப்பியது என்று சுமேரிய ஆய்வாளர் தோர்கில்ட் ஜேக்கப்சனும் ஆடம்ஸும் 1958-இல் வாதிட்டார்கள்.

அவர்கள் காட்டிய எண்கள் இன்றும் மேற்கோளாக வருகின்றன. கி.மு. 3500 அளவில் கோதுமையும் பார்லியும் ஏறக்குறையச் சமம், கி.மு. 2500-இல் கோதுமை ஆறில் ஒரு பங்கு, கி.மு. 2100-இல் லகாஷ் நாட்டின் கிர்சுப் பகுதியில் வெறும் இரண்டு சதவீதம். கோதுமையைவிட பார்லி உப்பைத் தாங்கும் என்பதால் இந்த மாற்றம் என்பது அவர்கள் விளக்கம். விளைச்சலும் கி.மு. 2400-இல் ஹெக்டேருக்கு 2,537 லிட்டர், 2100-இல் 1,460, கி.மு. 1700 வாக்கில் தெற்கு நகரமான லார்சாவில் 897 என்று இறங்கியது. சுமேரிய ஆய்வாளர் மார்வின் பவல் 1985-இல் இதை மறுத்தார்: வெவ்வேறு ஊர், வெவ்வேறு வகை வயல், வெவ்வேறு அளவைகளின் கணக்கை ஒரே கோட்டில் வைக்கக்கூடாது, உப்பைக் கழுவும் வழியும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என் கணிப்பில் பவல் எண்களைத்தான் தளர்த்தினார். உப்பேறும் முறையை அவர் மறுப்பு தொடவில்லை. தெற்கு நலிந்ததற்கு உப்பு மட்டும் காரணம் என்று சொல்பவர் ஆறு தடம் மாறியதையும் போர்களையும் மறந்துவிடுகிறார்.

நைலில் இந்தத் தொல்லை ஆயிரக்கணக்கான ஆண்டு வரவில்லை. வெள்ளத்துக்கு முந்தைய கோடையில் ஆறு வெகுவாகத் தாழும், அதோடு நிலத்தடி நீரும் இறங்கும். பிறகு வரும் வெள்ளம் பாத்தியில் நின்று, உப்பைக் கரைத்து, ஆற்றுக்கே திரும்பிவிடும். ஆண்டுக்கொரு முறை இலவசக் கழுவல். அஸ்வான் உயரணை 1970-இல் முடிந்து வெள்ளம் நின்றது. ஆண்டு முழுக்கப் பாசனம் வந்தது. அதன்பின் வயல்களுக்கு அடியில் வடிகால் குழாய் பதிக்க எகிப்து பெரும் பணத்தைக் கொட்ட வேண்டியிருந்தது.

சிந்துவும் கோடை வெள்ள ஆறு. நீர் வடிந்த ஈரவண்டலில் கோதுமையும் பார்லியும் தூவி, வசந்தத்தில் அறுக்கலாம். பெரும் பாசனக் கால்வாய்கள் அதன் நடுப்பகுதியில் தென்படாததற்கு இது ஒரு காரணம். அங்கே உழைப்பு ஊரைத் தண்ணீரிலிருந்து காப்பதில் போனது. மொகஞ்சதாரோவைச் செயற்கை மேடைகள்மேல் எழுப்பினார்கள். 1:2:4 என்ற ஒரே விகிதத்தில் செங்கல் சுட்டார்கள். நகரத்துக்குள் சுமார் 700 கிணறுகள் இருந்திருக்கும் என்பது மைக்கேல் யான்சனின் மதிப்பீடு. கிணற்றுக்கு ஆப்பு வடிவச் செங்கல், வட்டம் உள்ளே சரியாமல் இருக்க. தெரு உயர உயரக் கிணற்றுச் சுவரையும் உயர்த்தினார்கள். சுற்றிலும் மண்ணை அகழ்ந்துவிட்ட பின், இன்று அவை கோபுரம்போல் நிற்கின்றன.

அந்தச் செங்கற்களை இப்போது அரிப்பது, சுமேரிய வயலை அரித்த அதே உப்பு. சிந்துவின் குறுக்கே சுக்கூர் அணைக்கட்டு 1932-இல் திறந்து சுற்றிலும் ஆண்டு முழுக்கப் பாசனம் பரவியதும் நிலத்தடி நீர் உயர்ந்தது. நகரின் மிகப் பழைய அடுக்குகள் நீருக்கடியில் இருப்பதால் தோண்ட முடியவில்லை. மேலே நிற்கும் சுவர்களில் நீர் ஏறி, ஆவியாகி, உப்புப் படிகம் வளர்ந்து செங்கல் மேல்தோலை உரித்துத் தள்ளுகிறது. 1974-இல் யுனெஸ்கோ தொடங்கிய மீட்புத் திட்டத்தில், ஊரைச் சுற்றிக் குழாய்க்கிணறு போட்டு நீரை இறைத்தார்கள். சுவர்களுக்குச் செய்வது இன்னும் எளியது: உப்பில்லாத களிமண்ணைக் குழைத்து அப்பிவிடுவார்கள். உப்பு செங்கல்லை விட்டு அந்தப் பூச்சுக்கு வரும். மழையில் பூச்சு கரைந்து விழுந்ததும் மறுபடி குழைத்து அப்ப வேண்டும்.